பெரிய இன்ஜெக்டர் போட்டால் வண்டி பறக்குமா?

வாசகர் கேள்வி – பட்டறை பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. இன்ஜினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொரு வண்டியில் போட்டால் பிக்கப் கூடுமா? கிளட்ச், ஏ.சி. கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோவையில் எங்கள் பட்டறையின் ஒரு சுவரோரம் பெட்ரோல் இன்ஜெக்டரைச் சோதிக்கும் பெஞ்ச், எதிர்ச் சுவரில் டீசல் பெஞ்ச். நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*

கேள்வி: என்னிடம் இருப்பது 2004 எஸ்டீம், அப்பா வாங்கிய வண்டி. புதுப்பேட்டையில் பழைய பலேனோ 1.6 காரின் இன்ஜெக்டர் நான்கு கிடைக்கிறது. "அப்படியே உட்காரும், பிக்கப் அள்ளும்" என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர் இதையே போட்டுவிட்டு நல்ல வித்தியாசம் தெரிகிறது என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உட்காரும் என்பது உண்மையாக இருக்கலாம். பிக்கப் அள்ளாது.

இன்ஜினின் பலம் உள்ளே போகும் காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போனால் போதும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது நல்ல இழுவை கிடைப்பது 12.5-லிருந்து 13 வரையுள்ள கலவையில். உங்கள் 1,298 சி.சி. இன்ஜின் பிஸ்டன் இறங்கும்போது எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவைத்தான் இழுக்கும். இன்ஜெக்டரை மாற்றுவதால் அதில் ஒரு சி.சி.கூட ஏறாது. அரிசி அதே அளவு இருக்க, தண்ணீரை மட்டும் கூட்டினால் சோறு கூடுமா? குழைந்துதான் போகும்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம், நேரமிருந்தால் பேப்பர் எடுங்கள். எஸ்டீமின் சக்தி 85 குதிரை, ஏறக்குறைய 63 கிலோவாட். இந்த மாதிரி பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 320 கிராம் போலக் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோ ஆகிறது. லிட்டரில் 27, நிமிடத்துக்கு 450 சி.சி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 113 சி.சி. எந்த இன்ஜெக்டரும் எப்போதும் திறந்தே இருக்கக்கூடாது. கிடைக்கும் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்க விடுவதில்லை. அதையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 140 சி.சி. சொச்சம் தரும் இன்ஜெக்டர் போதும். கம்பெனி இந்தக் கணக்கைப் போட்டுத்தான், அதற்கு மேல் கொஞ்சம் இடமும் விட்டு, உங்கள் இன்ஜெக்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அது ஏற்கெனவே போதுமானது. 94 குதிரை சக்தியுள்ள 1,590 சி.சி. இன்ஜினுக்குச் செய்ததை இங்கே கொண்டுவந்து போட்டால், தேவைக்கு மேல் ஊற்றும் ஒரு இன்ஜெக்டர் கிடைக்கும். அவ்வளவுதான்.

சரி, போட்டால் என்ன நடக்கும்? உங்கள் வண்டியின் இ.சி.யு., அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்து, "இவ்வளவு காற்று வந்திருக்கிறது, ஆகவே இத்தனை மில்லிசெகண்டு திற" என்று ஆணை கொடுக்கிறது. எத்தனை மில்லிசெகண்டுக்கு எத்தனை பெட்ரோல் விழும் என்பது பழைய இன்ஜெக்டரை வைத்து அதன் நினைவில் எழுதப்பட்டிருக்கிறது. இன்ஜெக்டர் மாறியது அதற்குத் தெரியாது. பெட்ரோல் அதிகம் விழுவதை புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும், இ.சி.யு. திறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். புது இன்ஜெக்டர் 10, 15 சதவீதம் மட்டும் பெரியதென்றால் சில நாள் ஓட்டத்தில் எல்லாம் பழைய அளவுக்கே திரும்பிவிடும். காசு கொடுத்து வாங்கியதை இ.சி.யு. அமைதியாகத் திருப்பிக் கழித்துவிட்டது என்று அர்த்தம். 30, 40 சதவீதம் பெரியதென்றால் அதன் கைக்கு எட்டாமல் போகும், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் 25 சதவீதம் அளவோடு அந்தத் திருத்தம் நின்றுவிடும். அதற்கப்புறம் செக் இன்ஜின் விளக்கு, பிளக்கில் கரி, சைலன்சரில் பெட்ரோல் வாடை. கோளாறுக் குறியீட்டை ஸ்கேனர் கருவியில் படிக்க முடிகிற புதிய வண்டிகளில் இதுதான் பி 0172 என்று வரும் கோளாறு.

இதை வெறும் மைலேஜ் நஷ்டமாக எண்ணிவிடாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. ரிங், பேரிங் தேய்மானம் அங்கிருந்து தொடங்குகிறது. மிச்சம் போகிற பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அடுக்கையே உருக்கிவிடும்.

ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடி நிற்கும்போது, இன்னொரு தொந்தரவு. 6,000 ஆர்.பி.எம்.மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது இன்ஜின் இரண்டு முறை சுழல, 20 மில்லிசெகண்டுதான், அதில் பெரும்பகுதி இன்ஜெக்டர் திறந்திருக்கலாம். ஆனால் ஸ்லோவில் அது திறப்பது இரண்டரை, மூன்று மில்லிசெகண்டு. அதிலும் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு காயிலில் கரண்ட் ஏறி ஊசி நகர்வதற்கே போய்விடும். பெரிய இன்ஜெக்டரில் மிச்சமிருக்கும் நேரமும் சுருங்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழாது. சிக்னலில் நிற்கும் வண்டி ஏறி இறங்கித் துடிப்பது இதனால்தான்.

இப்போது உங்கள் நண்பர் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை, வித்தியாசம் தெரிந்திருக்கும். அவருடைய பழைய இன்ஜெக்டர்கள் அடைத்துப் போயிருந்திருக்கும். நான்கில் ஒன்று இருபது சதவீதம் குறைவாகத் தெளித்தாலே அந்தச் சிலிண்டர் வேலையில் பின்தங்கிவிடும். ஓடிய வண்டியிலிருந்து எடுத்த, ஆனால் அடைப்பில்லாத நான்கைப் போட்டதும் வண்டி தன் பழைய பலத்துக்குத் திரும்பியிருக்கிறது. அதோடு பேட்டரி வயரைக் கழற்றியதால் இ.சி.யு. கற்று வைத்திருந்த தவறான திருத்தங்களும் அழிந்திருக்கும். அந்தப் பலன் அத்தனையும் உங்கள் சொந்த இன்ஜெக்டரிலேயே கிடைக்கும்.

எப்படி என்றால், நான்கையும் கழற்றி ஒரு பெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். முதலில் மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்ப்பார்கள், நான்கும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக வரவேண்டும். அப்புறம் 3 பார் அழுத்தத்தில் எதுவும் திறக்காமல் ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். நுனியில் துளி கோர்க்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கோர்த்தால் அது காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் கொடுக்கிற இன்ஜெக்டர். அடுத்து நான்கு கண்ணாடிக் குழாயிலும் 30 விநாடி தெளிக்க விடுவார்கள். நான்கு மட்டமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல செட். குழாயின் பின்னால் விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தில் தெளிப்பையும் பாருங்கள். பனிப்புகைபோல விரிந்தால் சரி, நடுவில் ஒரு கம்பிபோல நேராக விழுந்தால் அது எரியாது. அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு எடுத்து, தலைப்பக்கம் இருக்கும் சிறிய வலை ஃபில்டரையும் ஓ-ரிங்கையும் புதிதாக மாற்றி, மறுபடி அதே சோதனை. முன் அளவையும் பின் அளவையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் கையிலிருப்பது இன்னும் நல்ல பாகம் கிடைக்கிற, இழுவைக்குப் பெயர் வாங்கிய இன்ஜின். ரேலியிலும் ரேஸ் டிராக்கிலும் இந்த நாட்டில் எஸ்டீம் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. அப்பா ஓட்டிய வண்டியை ஆயிலில் பெட்ரோல் கலந்து கெடுத்துவிட வேண்டாம்.

*

கேள்வி: என் பழைய காரில் ஒற்றைத் துளை இன்ஜெக்டர் இருக்கிறது. அதே அளவு பெட்ரோல் தரும் நான்கு துளை இன்ஜெக்டர் வேறு மாடலில் வருகிறதாம். அளவு மாறாததால் பிரச்சினை வராது என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், ஓசூர்

பதில்: இன்ஜெக்டர் மாற்றும் யோசனைகளிலேயே புத்தியுள்ள யோசனை இது. அளவு அதேதான், துளிதான் சிறிதாகிறது. சின்னத் துளி சீக்கிரம் ஆவியாகும். காலையில் குளிர்ந்த இன்ஜின் எளிதாகப் பிடிக்கும், ஸ்லோ மென்மையாகும், புகைச் சோதனையில் எண் குறையலாம். மேல் வேகத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. அங்கே காற்றின் வேகமே துளியை உடைத்துவிடுகிறது.

ஆனால் "அதே அளவு" என்பதை எந்த அழுத்தத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் 3 பாரில் அளந்ததும் இன்னொருவர் 4 பாரில் அளந்ததும் ஒன்றல்ல. அழுத்தம் 3-லிருந்து 4 ஆனால் அளவு 15 சதவீதம் கூடும். அழுத்தத்தின் வர்க்கமூலக் கணக்கில்தான் அது ஏறும்.

தெளிக்கும் திசையும் முக்கியம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு இருந்தால், இன்ஜெக்டர் இரண்டு பிரிவாகத் தெளித்து ஒவ்வொரு வால்வின் முதுகிலும் படவேண்டும். ஒற்றைக் கூம்பாகத் தெளிப்பதைப் போட்டால் இரண்டு வழிக்கும் நடுவிலிருக்கும் சுவரில் அடித்து வழியும். நுனி நீளம் ஐந்து மில்லிமீட்டர் மாறினாலும் இதே கதைதான். இவை மூன்றும் பொருந்தினால் தாராளமாகப் போடுங்கள். பிளக்-இன் கனெக்டர் மாறினால் வயரை வெட்டி முறுக்காமல் அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டு வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 75 குதிரை. வாரம் இரண்டு முறை கொல்லிமலை ஏறி இறங்குகிறோம். இப்போது இழுவை குறைந்துவிட்டது. எங்கள் மெக்கானிக் அண்ணன், "அதே 1.3 இன்ஜின்தான் எர்டிகாவில் 90 குதிரை தருகிறது, அதன் இன்ஜெக்டரைப் போட்டால் இதுவும் 90 ஆகிவிடும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டும் ஃபியட்டின் 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின்தான். ஸ்விஃப்டில் 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். எர்டிகாவிலும் எஸ்.எக்ஸ்.4-லும் வந்தது 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். அந்தப் பதினைந்து குதிரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவர் வழி மாறிவிட்டார். ஸ்விஃப்டில் இருப்பது இறக்கை அசையாத சாதாரண டர்போ. 90-ல் இருப்பது வி.ஜி.டி., அதாவது வேகத்துக்கேற்ப உள்ளே தகடுகள் திரும்பும் டர்போ. அது கூடுதல் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலை அனுப்பும்படி இ.சி.யு. எழுதப்பட்டிருக்கிறது. இன்ஜெக்டரை மட்டும் கொண்டுவருவது வரனை விட்டுவிட்டுச் சீரை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்த மாதிரி.

ஆனாலும் பெட்ரோலுக்கு மேலே சொன்னது டீசலுக்கு அப்படியே பொருந்தாது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். டீசல் இன்ஜினில் காற்று பொதுவாகத் தேவைக்கு மேல் இருக்கும். எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு பலம். ஆகவே பெரிய நாசில், அதாவது இன்ஜெக்டரின் துளையுள்ள நுனி, போட்டால் இழுவை நிஜமாகவே கூடும், போட்ட அன்று ஓட்டிப் பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசியில் ஏறும்போதுதான் மற்றது தெரியும். இரண்டாவது கியரில், குறைந்த வேகத்தில், முழு ஆக்ஸிலேட்டரில் டர்போ போதிய காற்று தராத நேரம் அது. கூடுதல் டீசல் கரும்புகையாகப் போகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், அந்தச் சூட்டைத் தாங்குவது டர்போவும் பிஸ்டன் தலையும். கிளட்சும் 190-க்குச் செய்த கிளட்ச்.

இந்த வண்டியில் இருப்பது காமன் ரெயில், அதாவது உயர் அழுத்த டீசலை ஒரே குழாயில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் அமைப்பு; அதன் இன்ஜெக்டர் எவ்வளவு நுணுக்கமான சாமான் என்பது கையில் பிடித்துப் பார்ப்பவருக்குக்கூடத் தெரியாது. கண்ணுக்கு மருந்து விடும் குப்பியிலிருந்து விழுகிற ஒரு சொட்டு ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர். மெயின் தெளிப்புக்கு முன்னால், சத்தத்தைக் குறைக்க, இந்த இன்ஜெக்டர் ஒரு சின்ன முன்தெளிப்பு விடும். அது 1 அல்லது 2 கன மில்லிமீட்டர். அந்தச் சொட்டில் முப்பதில் ஒரு பங்கு! இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் இதில் கடுகளவு மாறும் என்பதால்தான், தயாரித்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் அளந்து, அதன் தலையில் ஒரு குறியீட்டைப் பொறித்து அனுப்புகிறார்கள். அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யு.வுக்குச் சொல்லவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்துகளின் எண்ணிக்கை மாறும், டெல்ஃபியின் ஒரு வகையில் 16 எழுத்து. புது இன்ஜெக்டரை மாட்டிவிட்டுக் குறியீட்டை ஏற்றாமல் அனுப்பிய வண்டிகள் எங்களிடம் வருவது சகஜம். "டொக் டொக்" என்று தட்டும், ஸ்லோவில் நடுங்கும். ஐந்து நிமிடத்தில் குறியீட்டை ஏற்றியதும் சத்தம் அடங்கிவிடும்.

நாசில் துளைகளின் கோணமும் பிஸ்டன் தலையிலுள்ள குழிக்கு ஏற்ப அமைந்தது. வேறு கோணமென்றால் டீசல் குழியில் விழாமல் விளிம்பில் பட்டு, அந்த இடத்தில் பிஸ்டனை அரித்து ஓட்டை போடும். பாக எண் ஒன்றாக இருந்தாலொழிய, வெளித்தோற்றத்தை நம்பி எந்த டீசல் இன்ஜெக்டரையும் வேறு வண்டியில் போடாதீர்கள்.

உங்கள் பிரச்சினை இழுவை குறைந்தது. அதைக் கண்டுபிடிப்போம். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கைவைத்துத் தடவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கீறல் இருந்தால் காற்று அங்கேதான் ஓடிவிடுகிறது. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைந்திருக்கும், இந்த வயது வண்டியில் அது சாதாரணம். இவை சரியென்றால், இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசலை அளக்கும் பேக்-லீக் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் தனித்தனிச் சின்னக் குப்பியில் விட்டு, சில நிமிடம் ஸ்லோவில் ஓடவிடுவார்கள். எந்தக் குப்பி மற்றவற்றை விட வேகமாக நிறைகிறதோ அதன் வால்வு தேய்ந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் பெஞ்சில் திறந்து சரிசெய்தால் போதும்.

மாட்டும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகத்தான் போடவேண்டும், அதே தடிமனில். உட்காரும் இடத்திலுள்ள கரியைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கரிமேல் உட்கார்ந்த இன்ஜெக்டரைச் சுற்றி சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து, தார்போல இறுகிவிடும். அடுத்த முறை கழற்ற ஹெட்டையே இறக்கவேண்டி வரும்.

இதைப் படிக்கும் மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அம்பாசிடர் டீசல், மைக்கோ பம்ப் காலத்தில், வண்டி ஓடும்போதே பைப் நட்டை லூஸ் செய்து எந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உள்ளே 1,600 பார் வரை அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். கசிவைத் தேடிக் கையை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் இருக்கும், வலிகூட இருக்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். அடுத்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையும் கையையும் இழக்க நேரும்.

*

கேள்வி: என் புரோட்டோன் வீரா 1.6-க்கு, இங்கே ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் பாகம் விற்கும் கடை) மிட்சுபிஷி எவோ டர்போ காரின் 560 சி.சி. இன்ஜெக்டர் கிடைக்கிறது. வீராவும் மிட்சுபிஷி வழி வந்ததுதானே, பொருந்தும் என்கிறார்கள். டர்போ போடும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: வேண்டவே வேண்டாம் சகோதரரே. டர்போ இல்லாத உங்கள் இன்ஜினுக்கு 200 சி.சி.கூடத் தேவைப்படாது. 560 சி.சி.யை ஸ்லோவில் அடக்கவே முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து மின்சாரத்தில். சாதாரண கார் இன்ஜெக்டரின் காயில் 12-லிருந்து 16 ஓம்ஸ் இருக்கும். எவோவினுடையது குறைந்த ஓம்ஸ் வகை, 2, 3 ஓம்ஸ்தான். அதனால்தான் அந்த வண்டியில் தனியாக ஒரு ரெசிஸ்டர் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில்லாமல் உங்கள் வயரில் நேராகச் சொருகினால் கரண்ட் பல மடங்கு பாயும். 14 வோல்ட்டை 14 ஓம்ஸால் வகுத்தால் 1 ஆம்பியர், 2 ஓம்ஸால் வகுத்தால் 7. இ.சி.யு.வின் உள்ளே இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். ஹாஃப்கட் கடையில் எதை வாங்கினாலும் கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும், காசு கொடுக்கும் முன் ஓம்ஸ் பாருங்கள்.

*

கேள்வி: மூன்று சிலிண்டர் காரில் மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் இன்ஜெக்டரைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் போட்டுப் பார்த்தால் கோளாறு தெரியும் என்கிறார்களே?
– வாசகர், விருதுநகர்

பதில்: பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் காற்று வழியிலும் தனி இன்ஜெக்டர் தெளிக்கும் வண்டியில், தாராளமாகச் செய்யலாம், நல்ல வழி. முதலில் பிளக்கையும் காயிலையும் இடம் மாற்றிப் பாருங்கள், அது எளிது. கோளாறு அங்கேயே நின்றால் இன்ஜெக்டரை மாற்றுங்கள். மிஸ்ஸிங் இன்ஜெக்டரோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி அதுதான். போகவில்லையென்றால் வயரிங், இல்லாவிட்டால் கம்ப்ரஷன். கழற்றும் முன் ஃப்யூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீறிடாது. டீசலில் இதைச் செய்தால் குறியீட்டையும் இடம் மாற்றி ஏற்றவேண்டும், ஆகவே ஸ்கேனர் இல்லாமல் தொடாதீர்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய டர்போ பெட்ரோல் வண்டிகளிலும் வேண்டாம். அங்கே லைனில் 200 பாருக்கு மேல் இருக்கும், நுனியிலுள்ள டெஃப்லான் சீலைத் தனிக் கருவி இல்லாமல் மாற்ற முடியாது.

*

கேள்வி: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். என் 2008 காருக்கு அதனால் பெரிய இன்ஜெக்டர் தேவையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தேவையில்லை. எத்தனால் எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்று போதும். ஆகவே அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டியிருக்கிறது. 20 சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 7, 8 சதவீதம் கூடுதல். இ.சி.யு.வின் திருத்தும் எல்லைக்குள் அது அடங்கிவிடும். மைலேஜ் கொஞ்சம் குறைவது நிஜம், அதை எந்த இன்ஜெக்டரும் மாற்றாது.

உங்கள் கவனம் ரப்பரில் இருக்கட்டும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் போட்டிருக்கிறார்கள். 2008 வண்டியில் அப்படி இருக்காது. இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் பெட்ரோல் ஹோஸும் ஊறி உப்பி, பிறகு வெடிப்பு விடலாம். அடுத்த சர்வீஸில் ஓ-ரிங்குகளை எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் வகையில் மாற்றிவிடுங்கள், அதிகம் செலவாகாது. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

*

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு வண்டி கட்டுகிறோம். 1.3 பெட்ரோல் இன்ஜின், கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட் போர்ட்டிங் செய்தாயிற்று. தனி இ.சி.யு. வாங்கிவிட்டோம். எங்களுக்காவது பெரிய இன்ஜெக்டர் போடலாம் என்பீர்களா?
– மாணவர், கோவை

பதில்: போடலாம், போடவேண்டும்! நீங்கள்தான் வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். காற்றைக் கூட்டியாயிற்று, கட்டளை எழுத இ.சி.யு.வும் கையில் இருக்கிறது. இனிதான் இன்ஜெக்டர்.

எதிர்பார்க்கும் சக்தியை வைத்து, மேலே எஸ்டீமுக்குப் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். 110 குதிரை என்றால் தலைக்கு 185 சி.சி. வரும். 200, 220 என்று வாங்குங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று 400-க்குப் போனால் ஸ்லோவில் அழுவீர்கள். இருக்கும் இன்ஜெக்டர் கொஞ்சம்தான் போதவில்லை என்றால் அழுத்தத்தை 3-லிருந்து 3.5 பாருக்கு ஏற்றிப் பாருங்கள், 8 சதவீதம் கூடக் கிடைக்கும். பம்ப் அந்த அழுத்தத்தில் தேவையான அளவு தள்ளுகிறதா என்று அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

வாங்கிய இன்ஜெக்டரின் திறப்புத் தாமதம் எவ்வளவு, பேட்டரி வோல்ட் குறையும்போது அது எப்படி மாறுகிறது என்ற அட்டவணையை விற்பவரிடம் கேட்டு வாங்கி இ.சி.யு.வில் ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் மேப், அதாவது எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு, எழுதினால், ஃபேன் ஓடும்போது ஒரு கலவை, நிற்கும்போது ஒரு கலவை என்று அலையும். கலவையைத் துல்லியமாக அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டர் மிதிக்காதீர்கள். பெட்ரோல் அதிகமானால் பலம் குறைவதோடு போகும். குறைந்துபோனால் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, வந்து டிராக்கின் ஒரே சுற்றில் பிஸ்டன் உடையலாம்.

இந்த வண்டியைச் சாலையில் ஓட்டும் ஆசை மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் மாற்றியமைத்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182-ஏ இருக்கிறது. விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கிளம்பும் முன் ஒருநாள் பட்டறைக்கு வாருங்கள். நான்கு இன்ஜெக்டரையும் பெட்ரோல் வரும் ரெயில் குழாயோடு மாட்டி, பம்பை மட்டும் ஓடவிட்டுக் கசிவு பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிச் சுழற்றி இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள், காய்ந்து இறங்கினால் விளிம்பில் வெட்டுப்படும். வரும்போது தீயணைப்பானையும் எடுத்துவாருங்கள், அது எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.